ஈரம் பதினொன்றரை

பங்குனி.
வெட்டாற்றில் தண்ணீர் போன வழியில் ஆடு போகிறது.
கொரடாச்சேரி ரைஸ் மில்லுக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில்
சம்பா வைக்கோலை நெரித்துக்
கட்டையாக்கும் எந்திரம் எங்களுடையது.

திருப்பூர் பாய்லருக்குப் போன லோடு
திரும்பி வந்தது. பதினாலு டன்.
கட்டையாகப் போனது;
தார்ப்பாயை அவிழ்த்தால் தவிடு.
கரூர் தாண்டும் முன்பே உதிர்ந்துவிட்டது என்றான் டிரைவர்,
வாடகையில் ஒரு ரூபாய் குறைக்காமல்.
"எந்தப் பசையை நிறுத்தினீர்கள்?"
போனில் கேட்டது சாயப்பட்டறை.
பசையே போட்டதில்லை என்றால் யார் நம்புவார்?

பசை வைக்கோலுக்குள்ளேயே இருக்கிறது.
லிக்னின்.
கார்த்திகைப் புயலில் பயிர் தரையில் சாய்ந்தும்
தாள் முறியாமல் கிடந்ததே,
அப்போது நாருக்கும் நாருக்கும் நடுவே
கண்ணாடியாய் இறுகிப் பிடித்திருந்தது அது.
பனிக்கட்டிபோல் ஒரு புள்ளியில் உருகாது.
விறைப்பு விடும், ரப்பராகும்,
அப்புறம்தான் பாகு.
எந்தச் சூட்டில் என்பதைச்
சூடு மட்டும் தீர்மானிப்பதில்லை.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?
வளையாது.
நனைந்திருந்தால் எண்பதில் வளையும்.
காய்ந்திருந்தால்
நூறு தாண்டியும் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

முதலாளி தியாகேசன் சொன்னது ஒன்றே:
ஹீட்டரை ஏற்று.
ஏற்றினோம். இருநூற்றெண்பது. முந்நூறு.
டையின் வாயில் புகை.
தோல் கரிந்தது, உள்ளே பொடி.
ஜபருல்லா ஒரு கட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தார்,
டீக்கடை வர்க்கிபோல் போனது.

ஈரமானியைக் குத்தினேன். ஐந்தரை.
ஐப்பசியில் குறுவை வைக்கோல்
இருபத்தெட்டு காட்டியது.
அன்று ஆவி திரண்டு வெடித்து
கட்டையைப் பீரங்கியாய்த் துப்பிய பள்ளம்
இன்னும் சுவரில் இருக்கிறது.
அந்தப் பயத்தில்தான் இந்த வருஷம்
வெயிலில் காய்ந்ததை
உலர்த்தியிலும் போட்டுக் காய்ச்சினோம்.

ஆளுக்கு ஆள் கைகோத்து
விறைத்து நிற்கும் கூட்டத்துக்குள்
சின்னப்பிள்ளைபோல் நுழையும் தண்ணீர்.
எதையும் ஒட்டாது. பிடியைத் தளர்த்தும்,
அவ்வளவுதான்.
சவுக்குத் தூள் கொஞ்சம் கலந்தால்
சீக்கிரம் இணங்கும்.
நாகை துறைமுகத்துப் பைன் பெட்டித் தூள் பிடிவாதம்,
அதன் உள்பின்னல் நெருக்கம்.
ஆனால் கையில் இருந்தது வைக்கோலும்
போர் தண்ணீரும்.

ராத்திரி ஷிப்டில், யாரையும் கேட்காமல்,
டன்னுக்கு ஐந்து குடம் தெளித்தேன்.
புரட்டிப்போட்டுப் படுதாவால் மூடும்போது
டார்ச் வெளிச்சம் என் முகத்தில்.

"எடைக்குத் தண்ணி அடிக்கிறியா, அஞ்சுகம்?
வைக்கோல் விற்க வர்றவன் செய்யிற வேலைய
நீயே செய்யிறியா?"

அவர் கேட்டது நியாயம்தான்.
எடைமேடையில் இருபது வருஷம்
ஈரத்தோடு சண்டை போட்டவர்.
என் கையில் வாளி. என்ன சொல்ல?
"காலைல பாருங்க" என்றேன்.

காலையில் ஈரமானி பதினொன்றரை.
முதல் கட்டை கறுத்துப் பளபளத்து வந்தது,
எண்ணெய் தடவிய எருமைக் கன்று.
அவசரப்பட்டு எடுத்தார் தியாகேசன்.
கையுறைக்குள் வளைந்தது.
"பார், நொளநொளன்னு இருக்கு."
"ஆறட்டும்."
யாரும் பேசவில்லை.
திருவாரூர் பாசஞ்சர் போனது.
தட்டில் கிடந்த பாகு
மறுபடி கண்ணாடி ஆகிக்கொண்டிருந்தது,
வெளியே தெரியாமல்.

அப்புறம் அவரே எடுத்துத் தரையில் அடித்தார்.
தரைதான் பெயர்ந்தது.

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.
மறுநாள் கரும்பலகையில்,
'புகைபிடிக்காதே'க்குக் கீழே
அவர் கையெழுத்தில்: ஈரம் 11½.
போர் குழாயில்
புதிதாக ஒரு மீட்டர்.